பாயிண்டுக்கு ஐநூறு குறைச்சு

அழாதீங்க சார். கெடச்சிருவாரு. பெரியவரு எம்புட்டுத் தூரம் போயிறப் போறாரு? ஊருக்குள்ளதான் இருப்பாரு. தங்கச்சி தேடுது, அக்கம்பக்கத்துக்காரங்க தேடுறாங்க. இன்னும் மணப்பாறையே வரல, பஸ்ல உக்காந்துக்கிட்டு நீங்க அழுது என்ன பண்ண? இந்தாங்க, தண்ணி குடிங்க.

ஒட்டுக் கேக்கல சார். தானா காதுல விழுந்துச்சு. பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிட்டு காதப் பொத்திக்கவா முடியும்? அப்பாவுக்கு மறதி. அம்மா குளிக்கப் போன நேரம் பாத்து கேட்டத் தெறந்துட்டு வெளிய போயிட்டாரு. இடது பக்கம் போனா ரயில்வே கேட்டு, வலது பக்கம் போனா மார்க்கெட்டு. எந்தப் பக்கம் போனாருன்னுதான் தெரியல. சரியா? அதுக்குத்தான கேட்டப் பாத்து கேமரா போட்டிருக்கீங்க? அந்தப் போனக் கொஞ்சம் இப்பிடிக் காட்டுங்க.

அட.

சலவைக்குப் போட்ட வேட்டி மாதிரி வெளுத்துக் கெடக்கே சார். ஆளும் இல்ல, கேட்டும் இல்ல. ராத்திரி எப்பிடித் தெரியுது? நல்லாத் தெரியுதா. மத்தியானம்? அதுவும் நல்லாத் தெரியுது. காலைல மட்டும் வெள்ளை. இது கேமராக் கோளாறு இல்ல சார், வச்ச இடத்துக் கோளாறு. கெழக்கப் பாக்க வச்சிருக்கான். சூரியன் எந்திரிச்சா நேரா இதோட மூஞ்சியிலதான் முழிக்கும். அந்த வெளிச்சத்தத் தாங்குற கேமரா தனியா இருக்கு, அதுக்கு வெல தனி. இது சாதா.

எப்பிடித் தெரியும்ங்கறீங்களா? மடியில பாருங்க. டப்பா பூராக் கேமராதான். திருச்சியில மொத்தக் கடைல எடுத்துட்டு வர்றேன். என் பேரு முருகபூபதி. திண்டுக்கல்ல பூபதி கேமராஸ்னு... கேள்விப்பட்டதில்லையா? பரவால்ல, நீங்க வெளியூர்லயே இருக்கீங்க.

யாரு சார் உங்க வீட்டுக்குப் போட்டது?

யாரு? சவரிமுத்தா?

கோச்சுக்காதீங்க சார். சிரிப்பு வந்துருச்சு. உங்கப்பாவ நெனச்சு சிரிக்கல, சத்தியமா இல்ல. பெரியவரு நல்லபடியா வந்துருவாரு. ஆனா சவரிமுத்துங்கற பேரக் கேட்டா எனக்கு ஒண்ணு சிரிப்பு வரும், இல்லாட்டி ரத்தம் கொதிக்கும். ரெண்டும் ஒண்ணா வந்தாலும் வரும். எவ்வளவு வாங்குனான் உங்ககிட்ட? அதான பாத்தேன். அந்தக் காசுக்கு என்ன கெடைக்கும்? வெள்ளைதான் கெடைக்கும்.

போன் அடிக்குது பாருங்க. எடுங்க, பேசுங்க.

என்னவாம்? ரயில்வே கேட்டு வரைக்கும் போய்ப் பாத்துட்டாங்களா? அங்க இல்லையா. அப்ப மார்க்கெட்டுப் பக்கம் பாக்கச் சொல்லுங்க. தண்டவாளத்துப் பக்கமே இன்னும் பாக்கணும்ங்குறாங்களா? அதுவும் சரிதான். இருக்கறது நாலஞ்சு பேரு, ரெண்டு பக்கமும் ஓட முடியாதே. எந்தப் பக்கம்னு தெரிஞ்சா ஒரே ஓட்டமா ஓடலாம். பாத்தீங்களா, ஒரு கேமராவ ஒழுங்காப் போட்டிருந்தா இந்தப் பாடு இல்ல. அதுக்குத்தான் சொல்றேன், அவனப் பத்தி நீங்க தெரிஞ்சுக்கணும்.

அவன் என்கிட்ட வேல பாத்தவன் சார். வயரு இழுக்க, செவத்துல ஓட்டை போட எல்லாம் நான் கத்துக் குடுத்தது. கல்யாணத்துக்கு நான் முன்னாடி நின்னேன். ஒருநா ஒரு ஜவுளிக்கடையில ஏணியிலருந்து விழுந்துட்டான். கை ஒடிஞ்சு போச்சு. ஏணி பழசுன்னு முன்னாடியே சொன்னேங்குறான். சொன்னான்தான். பழசுன்னா என்ன, பாத்து ஏற வேண்டியதுதான? இருந்தாலும் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆப்பிள் வாங்கிட்டுப் போனேன் சார். போன எடத்துல, விழுந்ததுல ஒடஞ்ச கேமராவுக்கு மாசாமாசம் சம்பளத்துல பிடிச்சிக்கிறேன்னு சொன்னேன். தப்பா? கடையில பொருள் ஒடஞ்சா யாரு தலையில கட்டுறது? கட்டுப் பிரிச்சதும் தனியாக் கடை போட்டுட்டான். நன்றி கெட்ட பய.

போடட்டும். ஊருக்கு ரெண்டு கடை இருந்தா என்ன? ஆனா அவன் தொழில் பண்ற விதம் இருக்கே சார், அதச் சொன்னா நீங்களே காறித் துப்புவீங்க.

எங்க தொழில்ல வெல சொல்றதுதான் வித்தை. வயரு இழுக்க எந்தப் பயலும் இழுப்பான். ஒரு எடத்துக்கு நான் போனா முதல்ல கேமராவப் பத்திப் பேச மாட்டேன். சும்மா நடப்பேன். தரை டைல்ஸா கிரானைட்டான்னு பாப்பேன். கார் நிக்கிதா, நின்னா என்ன கார்னு பாப்பேன். வீட்டுக்காரன்னா, பக்கத்துல சமீபத்துல திருட்டு ஏதும் நடந்துச்சான்னு கேப்பேன். நடந்துச்சுன்னு சொன்னா பயந்துட்டான்னு அர்த்தம், வயரு மீட்டருக்கு ரெண்டு ரூவா ஏத்திக்கலாம். கடைக்காரன் வேற மாதிரி. அவன் கல்லாப் பெட்டிக்கு மேல ஒரு கேமரா கேப்பான். திருடனுக்காகக் கேக்க மாட்டான் சார், கல்லாவுல உக்காந்திருக்கற மச்சானுக்காகக் கேப்பான். அந்த ஒரு கேமராவுக்கு என்ன வெல சொன்னாலும் வாயத் தெறக்க மாட்டான், மச்சான் பக்கத்துலயே நிக்கிறான்ல.

எல்லாம் பாத்துட்டு கடைசியாத்தான் சாக்பீஸ எடுப்பேன். எங்க வெயில் விழும், எங்க மழைத்தண்ணி அடிக்கும், எந்த மரம் நாளைக்கு வளந்து மறைக்கும், எல்லாம் பாத்து செவத்துல பெருக்கல் குறி போடுவேன். ஒரு குறி ஒரு கேமரா. நாங்க பாயிண்டுன்னு சொல்லுவோம். அப்புறம் வெலையச் சொல்லிட்டு வந்துருவேன். யோசிச்சுச் சொல்றோம்பாங்க. அம்புட்டுத்தான். நான் தெரு முக்கு திரும்புறதுக்குள்ள சவரிமுத்துக்குப் போன் போயிரும்.

அவன் வந்து என்ன பண்ணுவான் தெரியுமா? நடக்க மாட்டான். வெயிலப் பாக்க மாட்டான். செவத்துல என் குறிய எண்ணுவான். பூபதியண்ணன் எவ்வளவு சொன்னாரும்பான். பாயிண்டுக்கு ஐநூறு குறைச்சுக்கங்கம்பான். முடிஞ்சுச்சு. என் குறியிலயே ஓட்டையப் போட்டு மாட்டிட்டுப் போயிருவான். என் கண்ணு, அவன் காசு.

ஒரு ஓட்டல்காரர் அவன்கிட்டயே கேட்டிருக்காரு, ஏன்ப்பா, நீ எடம் பாக்க மாட்டியான்னு. அதுக்கு அவன் சொல்லியிருக்கான், பூபதியண்ணன் குறி போட்டா நான் பாக்க வேண்டியதே இல்லீங்க, அவரு கண்ணு தப்பாதுன்னு. எவ்வளவு திமிரு பாருங்க. ஊரு பூரா இதையே சொல்லிட்டுத் திரியுறான்.

வெந்து போச்சு சார் எனக்கு. சாப்பாடு எறங்கல. எங்க வீட்டுக்காரி, விட்டுத் தொலைங்க, நாமளும் வெலையக் குறைப்போம்னா. நான் ஏன் குறைக்கணும்? அவனுக்குப் பயந்தா? அன்னைக்கு முடிவு பண்ணேன். உனக்குத் தொழில் கத்துக் குடுத்தவன் நான், உன் வாய நானே மூடுறேண்டான்னு.

என்ன பண்ணேன் சொல்லுங்க?

குறிய மாத்திப் போட்டேன்.

வெலைய அடிச்சுப் பேசுறவங்க, யோசிச்சுச் சொல்றோம்ங்குறவங்க, இவங்க எப்பிடியும் அவன்கிட்டதான் போவாங்கன்னு மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிரும்ல? அங்கெல்லாம் குறிய வாகா நகட்டிப் போட்டேன். அந்த ஓட்டல்ல சரியா அடுப்புக்கு மேல. பத்து நாள்ல கேமரா எண்ணெய் குளிச்சிருச்சு. ஒரு செருப்புக்கடையில ஃபேனுக்கு முன்னாடி. படத்துல ஃபேன் எறக்கை மட்டும்தான் சுத்துது. அப்புறம் வீடுங்களுக்கு...

அவனுக்குப் போன் மேல போன். ஏணியத் தூக்கிட்டு ஒரே எடத்துக்கு ரெண்டு தடவ, மூணு தடவ அலையுறான். மாத்திப் போடுறதுக்குக் காசு வாங்க மாட்டான், கௌரவம். அந்தக் கையி இன்னும் முழுசாத் தூக்க வராது அவனுக்கு, ஒத்தைக் கையில ஏணியச் சாத்துவான். நான் எதுத்த டீக்கடையில உக்காந்து பாத்துக்கிட்டு இருப்பேன். அன்னைக்குக் குடிச்ச டீ மாதிரி ஒரு டீ என் ஆயுசுக்கும் குடிச்சதில்ல சார். வயிறு குளுகுளுன்னு இருந்துச்சு. இன்னமும் அவனுக்கு ஒறைக்கல பாருங்க, அண்ணன் கண்ணு ஏன் இப்பிடி ஆயிருச்சு, உடம்புக்கு ஏதும் முடியலையோன்னு ஒருத்தர்கிட்ட வெசாரிச்சானாம். மடப்பய.

என்ன சார் அப்பிடிப் பாக்குறீங்க?

வீடுங்களுக்கு என்ன பண்ணேன்னா கேக்குறீங்க? வீடுங்களுக்கு... அது வந்து, கெழக்கப் பாக்க...

இருங்க சார். உங்க வீடு எந்தத் தெரு?

கேட்டுல மயிலு உருவம் இருக்குமா? பச்சைப் பெயிண்ட்டு?

ம்.

இல்ல, ஞாபகம் இருக்கு. அம்மா எனக்கு மோர் குடுத்தாங்க. கருவேப்பிலை எல்லாம் கிள்ளிப் போட்டு. பெரியவரு பின்னாடியே வந்தாரு. எந்த ஊரு தம்பி, எந்த ஊரு தம்பின்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. நான் குறி போட்டதும் தோள்ல கெடந்த துண்டால அத அழிச்சுட்டாரு. இங்க வேணாம் தம்பி, காலைல வெயில் கண்ணக் குத்தும்னாரு. நான் மறுபடி போட்டேன். மறுபடி அழிச்சாரு. அம்மாதான் வந்து, அவருக்கு முடியல, நீங்க போடுங்கன்னு உள்ள கூட்டிட்டுப் போனாங்க.

சட்டைய விடுங்க சார். எல்லாரும் பாக்குறாங்க. விடுங்க.

நான் என்ன சார் பண்ணேன்? செவத்துல சாக்பீஸால ஒரு பெருக்கல் குறி போட்டேன். ஓட்டை போட்டது நானா? கேமரா மாட்டுனது நானா? காசு வாங்குனவனுக்குக் கண்ணு இருந்திருக்கணும்ல? அதுவும் போக, தங்கச்சி என்கிட்டயே ஒத்துக்கிட்டிருந்தா எல்லாத்தையும் சரியாப் பண்ணியிருப்பேன். யோசிச்சுச் சொல்றோம்னுச்சு. ஐநூறு ரூவாய்க்கு யோசிச்சா இப்பிடித்தான் ஆகும்.

சரி, சரி. கத்தாதீங்க. ஒரு வழி இருக்கு. இருங்க, சொல்றேன்.

உங்க எதுத்தாப்புல மாடி வீடு இருக்குல்ல, ரைஸ் மில் தனசேகர் வீடு? அவங்க ஊர்ல இல்லையா? குலசாமி கோயிலுக்கா. நம்பரும் இல்லையா உங்ககிட்ட. பரவால்ல. அந்த வீட்டுக்கு கேமரா போட்டது நான். மாடியிலருந்து மேக்கப் பாக்குது, காலை வெயில் அதுக்கு முதுகுப் பக்கம். உங்க கேட்டு, ரோடு, ரெண்டு பக்கமும் கண்ணாடி மாதிரித் தெரியும். நான் போடுற எல்லாக் கேமராவும் என் போன்ல இருக்கும் சார், பாஸ்வேர்டு வச்சது நான்தான. உக்காந்த எடத்துலயே பாத்துச் சொல்லிருவேன், உங்கப்பா எந்தப் பக்கம் போனாருன்னு.

காசா? சீச்சீ. இந்த நேரத்துல உங்ககிட்ட காசு வாங்குவனா? என்னப் பத்தி என்ன நெனச்சீங்க?

ஒரே ஒரு வீடியோ. அம்புட்டுத்தான். இந்தா, என் போனப் பாத்துச் சொல்லுங்க. சவரிமுத்து போட்ட கேமராவால எங்கப்பா எந்தப் பக்கம் போனாருன்னே தெரியல, யாரும் அவன்கிட்ட கேமரா போட்டு ஏமாறாதீங்கன்னு. உண்மையத்தான சொல்லச் சொல்றேன்? பொய் ஒண்ணும் சொல்ல வேணாம். வீட்டப் பத்திச் சொல்லுங்க, அப்பாவப் பத்திச் சொல்லுங்க. கண்ணத் தொடைக்க வேணாம், அப்பிடியே இருங்க. ம்... சொல்லுங்க. இன்னுங் கொஞ்சம் சத்தமா, பஸ்ஸு எரைச்சல்ல கேக்காது.

போதும். நல்லா வந்திருக்கு.

இந்தா, தெறக்கறேன் பாருங்க. தனசேகர் வீடு. பாஸ்வேர்டு... இருங்க. தப்பா அடிச்சிட்டேன் போல. பஸ்ஸு குலுக்குதுல்ல. மறுபடி... ம்?

மாத்தியிருக்காங்க சார்.

போன வருசம் ஹார்டு டிஸ்க் போயிருச்சு, பதிவே ஆகலன்னு தனசேகர் கூப்பிட்டாரு. வந்து பாக்கறதுக்கே தனி சார்ஜுன்னு சொன்னேன், அது எல்லாருக்கும் சொல்றதுதான். அப்புறம் அவரு கூப்பிடவே இல்ல. தானாச் சரியாயிருச்சுன்னு நெனச்சேன். நடுவுல சவரிமுத்து பூந்திருக்கான், அதான் தனசேகரு இப்ப என் போன எடுக்கறதே இல்ல. இவன்தான் மாத்தியிருப்பான். வேற யாரு?

கூப்பிடச் சொல்றீங்களா? நானா? அவனையா?

சார், அவன் எனக்கு ஏணி பிடிச்சவன். மூணு வருசமா ஒரு வார்த்தை பேசல. எதுத்தாப்புல வந்தா வண்டியத் திருப்பிக்கிட்டுப் போறவன் நான். நான் போய் அவன்கிட்ட, சவரி, கொஞ்சம் பாத்துச் சொல்றியான்னு... நாக்கப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாம். உங்ககிட்ட அவன் நம்பர் இருக்குல்ல? நீங்க பேசுங்க. நான் பக்கத்துல இருக்கறதச் சொல்லாதீங்க. குறியப் பத்தி எதுவும் சொல்லாதீங்க சார், உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன். அப்பாவக் காணோம்னு மட்டும் சொல்லுங்க.

எடுத்துட்டானா?

என்ன சொல்றான்? தனசேகர் மகன்கிட்ட கேட்டுட்டுத் தெறக்கறேங்குறானா? பெரிய யோக்கியன். நானா இருந்தா இந்நேரம் தெறந்திருப்பேன்.

வடமதுரை வந்துருச்சு. எறங்குறவங்களுக்கு வழி விடுங்க. காலக் கொஞ்சம் மடக்கிக்கங்க சார்.

வந்துருச்சா? வீடியோ அனுப்பிட்டானா? காட்டுங்க, காட்டுங்க. இதான் சார்! பாத்தீங்களா எம்புட்டுத் தெளிவா இருக்குன்னு? இது நான் வச்ச எடம். அந்தத் துண்டுதான், அதே துண்டு. கையில என்ன, தூக்குவாளியா? பால் வாங்கக் கெளம்பியிருக்காரு மனுசன். வலது பக்கம். மார்க்கெட்டுப் பக்கம்! தங்கச்சிக்குச் சொல்லுங்க, சீக்கிரம் சொல்லுங்க.

பஸ்ஸ ஏன் இப்பிடி உருட்டுறான் இந்த டிரைவரு?

யாரு போன்ல? தங்கச்சியா? ...இல்ல, அவனா?

என்னது? கெடச்சுட்டாரா?

பழைய பால் பூத் இருந்த எடத்துலயா? அது ஏடிஎம் ஆகி வருசக்கணக்காச்சே. அந்தப் படியிலயே உக்காந்திருந்தாரா, வாளியோட? அடப் பாவமே. அடி கிடி எதுவும் படலல்ல? அப்பாடா. சாமி புண்ணியம். நான்தான் சொன்னேன்ல, கெடச்சிருவாருன்னு. யாரு பாத்தா? சவரிமுத்தா? வீடியோவ அனுப்பிட்டு அவனே வண்டிய எடுத்துட்டுப் போயிட்டானா? பின்னாடி உக்கார வச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறானாமா? அந்தக் கைய வச்சுக்கிட்டு அவன் எப்பிடி வண்டி ஓட்டுறான்? பெரியவரு கெட்டியாப் பிடிச்சுக்கணும், சொல்லுங்க.

நல்லது சார். நல்லது. மூஞ்சியக் கழுவிக்கங்க, தண்ணி இன்னும் இருக்கு.

அந்த வீடியோவா? நீங்க பேசுனதா? அழிச்சுர்றேன் சார். எதுக்கு அவசரம், கடைக்குப் போய் நிதானமா அழிக்கறேன். அழிக்கணும்தான். பாப்போம்.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. எவ்வளவு கேட்டான்? சும்மா சொல்லுங்க சார், நமக்குள்ள என்ன. பாத்துக்கிட்டிருந்த வேலைய விட்டுட்டு வந்து, கேமரா தெறந்து பாத்து, படம் எடுத்து அனுப்பி, வண்டியில போய்த் தேடிக் கூட்டிட்டு வந்து விட்டிருக்கான். ஏதாச்சும் கேட்டிருப்பான்ல?

ஒண்ணுமே கேக்கலையா?

நாளைக்குக் காலைல வந்து வாசல் கேட்டுக் கேமராவையும் எடம் மாத்திப் போட்டுத் தர்றேன்னானா? அதுவும் சும்மாவா?

பாத்தீங்களா சார்? திருச்சியிலருந்து நான் இதத்தான தொண்டை கிழியச் சொல்லிக்கிட்டு வர்றேன். இப்பிடிப் பண்ணிப் பண்ணித்தான் சார், இந்தத் தொழிலையே அவன் கெடுத்துட்டான்.